துப்பாக்கி உரிமையும் மசோதாவின் கடைசிப் பக்கமும்

(பாட்காஸ்ட் எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னிக்குத் தலைப்பைப் பார்த்ததுமே சில பேர் அடுத்த எபிசோடுக்குத் தாவியிருப்பீங்க. பரவாயில்லை. இருக்கிறவங்க கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, கேட்டு முடிச்சிட்டு என்னைத் திட்டலாம்.

நான் எங்கே நின்னு பேசுறேன்னு முதல்லயே சொல்லிடுறேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கம் இருக்கேன். வெள்ளை மாளிகை இருக்கிற வாஷிங்டன் டி.சி. இல்லை, இது மேற்குக் கரை. குடியுரிமை வாங்கின பிறகு சட்டப்படி துப்பாக்கி வாங்கினேன். வீட்டில் பூட்டிய பெட்டிக்குள்ள இருக்கு. துப்பாக்கி வைத்திருப்பது ஒரு தனிமனிதனின் உரிமை என்று நம்புகிற ஆள் நான். ஒவ்வொரு ஜனவரியும் எங்கள் மாநிலச் சட்டமன்றம் கூடும்போது, துப்பாக்கி சம்பந்தமான மசோதாக்களை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பின்தொடர்வேன். ரேஞ்சில் கூடச் சுடுற நண்பர்களுக்கு வாரம் ஒருமுறை வாட்ஸப்பில் அனுப்புவேன். இதுக்குச் சம்பளம் கிடையாது, எந்த அமைப்பிலும் எனக்குப் பதவி கிடையாது.

ஒரு எண்ணையும் மறைக்காமல் சொல்லிடணும். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. இந்த எண்ணை மறைச்சிட்டு உரிமை பேசினா அது ஏமாத்து வேலை. மசோதா கொண்டு வருகிற உறுப்பினர்களில் நிறைய பேர் இந்தச் சாவுகளைக் குறைக்கணும்னு உண்மையாவே நினைக்கிறவங்க. என் கேள்வி வேற: அவங்க எழுதுகிற சட்டம் யார் மேல போய் விழுது?

சலுகையும் உரிமையும்

நம்ம ஊர்ல துப்பாக்கின்னா 1959 ஆயுதச் சட்டம்தான். கலெக்டர்கிட்டயோ கமிஷனர்கிட்டயோ மனு கொடுக்கணும், போலீஸ் விசாரணை வரும், காரணம் சொல்லணும். தேர்தல் அறிவிச்சாச்சுன்னா லைசென்ஸ் துப்பாக்கியைக் கொண்டு போய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்வாங்க. யாரும் அதைப் பெரிசா எடுத்துக்கறதில்லை. ஏன்னா அங்கே அது அரசு கொடுக்கிற சலுகை.

இங்கே அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791லிருந்து இருக்கு. அது தனிமனித உரிமைதான் என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலங்களும் நகரங்களும் அதை மதிக்கணும் என்று 2010இல் மெக்டொனால்ட் வழக்கு. அந்த வழக்கைப் போட்டவர் ஓடிஸ் மெக்டொனால்ட், சிகாகோவில் வாழ்ந்த வயதான கறுப்பின மனிதர். தன் வீட்டைக் காத்துக்கொள்ளக் கைத்துப்பாக்கி வேணும்னு கேட்டார், நகரச் சட்டம் தடுத்தது. 2022இல் புரூயன் வழக்கு. வீட்டுக்கு வெளியிலும் அந்த உரிமை உண்டு என்று 6க்கு 3 தீர்ப்பு வந்தது.

சரி, உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சே, அப்புறம் எதுக்கு மசோதாவைப் பின்தொடரணும்? காரணம் ரொம்ப சிம்பிள். உரிமை இருக்கான்னு டி.சி.யில் முடிவாகுது. அது உங்க கைக்கு எப்படி வரும், எந்த ஊர்ல செல்லும், எத்தனை நாள் காத்திருக்கணும், எவ்வளவு செலவாகும் என்பதை எல்லாம் பெரும்பாலும் 50 மாநிலச் சட்டமன்றங்கள்தான் முடிவு பண்ணுது.

ஒரு எல்லைக்கோடு என்ன செய்யும்

தமிழ்நாட்டு டிரைவிங் லைசென்ஸ் கேரளாவில் செல்லும். இங்கேயும் கார் லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லும். துப்பாக்கி பெர்மிட் அப்படிச் செல்லாது.

எங்க மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் வான்கூவர் என்று ஒரு ஊர். கொலம்பியா ஆத்துப் பாலத்தைத் தாண்டினா போர்ட்லேண்ட், அது ஒரேகான் மாநிலம். ஒரேகானில் விற்பனை வரி கிடையாது, அதனால பொருள் வாங்க மக்கள் போய்ட்டு வந்துட்டே இருப்பாங்க. ஒரேகான் வேற எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. வாஷிங்டன் பெர்மிட்டோடு கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைச்சு வச்சிருக்கிறவர் பாலத்தின் இந்தப் பக்கம் சட்டத்தை மதிக்கிற குடிமகன். அந்தப் பக்கம் போனா குற்றவாளி.

இது வெறும் பேச்சுக்குச் சொல்றதில்லை. ஷனீன் ஆலன் என்ற பெண்ணின் வழக்கு செய்திகளில் நிறைய வந்தது. பிலடெல்பியாவில் வாழ்ந்தவர், குழந்தைகளைத் தனியாக வளர்த்த தாய். பென்சில்வேனியா மாநிலத்தில் முறைப்படி பெர்மிட் வாங்கியிருந்தார். 2013இல் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் ஒரு சாதாரண போக்குவரத்துச் சோதனையில் கார் நிறுத்தப்பட்டது. அவரே அதிகாரியிடம், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பெர்மிட்டும் இருக்கிறது என்று சொன்னார். நியூஜெர்சி அந்தப் பெர்மிட்டை ஏற்பதில்லை. கைது. நியூஜெர்சி சட்டப்படி சில வருடம் கட்டாயச் சிறை என்கிற நிலை. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு வழக்கு வேறு பாதைக்கு மாறியது. 2015இல் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார்.

அவர் யாரையும் மிரட்டலை. ஒளிக்கவும் இல்லை, உண்மையைத்தான் சொன்னார். நான் ஸ்ப்ரெட்ஷீட் வச்சுக்கிட்டு உட்கார்றதுக்கு முதல் காரணம் இந்த மாதிரி ஆட்கள்தான். குற்றம் செய்யணும்னு முடிவு பண்ணினவன் பெர்மிட் வரிசையில் நிக்கிறதில்லை. நுணுக்கமான சட்டத்தில் மாட்டறது, வரிசையில் நின்னவன்தான்.

ஒலிம்பியாவில் ஜனவரி

எங்க மாநிலத் தலைநகர் ஒலிம்பியா. ஜனவரி இரண்டாவது திங்கள்கிழமை சட்டமன்றம் கூடும். ஒற்றைப்படை வருடம்னா 105 நாள், இரட்டைப்படை வருடம்னா 60 நாள். டிசம்பரிலேயே மசோதாக்களை முன்கூட்டிப் பதிவு செய்ய ஆரம்பிச்சிடுவாங்க. என் வேலையும் அப்பவே தொடங்கும்.

மசோதா முதல்ல ஒரு கமிட்டிக்குப் போகும். துப்பாக்கி விஷயம்னா பெரும்பாலும் கீழவையில் சிவில் உரிமை மற்றும் நீதிக் கமிட்டி, மேலவையில் சட்டம் மற்றும் நீதிக் கமிட்டி. அங்கே பொது விசாரணை. அதுக்கப்புறம் கமிட்டி வாக்கெடுப்பு, முழு அவை, அடுத்த அவை, கடைசியா கவர்னர் மேசை. ஒவ்வொரு கட்டத்துக்கும் கெடு தேதி உண்டு. அந்தத் தேதிக்குள்ள தாண்டலைன்னா மசோதா செத்துடும்.

ஆனா ‘செத்துடுச்சு’ன்னு நம்பிடாதீங்க. இரண்டு வருடம் சேர்ந்துதான் ஒரு சுற்று. இந்த வருடம் நின்ன மசோதா அடுத்த ஜனவரி அதே எண்ணோடு எழுந்து வரும். பட்ஜெட்டுக்கு அவசியம்னு முத்திரை குத்தினா கெடு தேதியே பொருந்தாது. அதனால என் ஸ்ப்ரெட்ஷீட்டில் ‘செத்தது’ன்னு ஒரு பத்தி கிடையாது. ‘தூங்குது’ன்னுதான் இருக்கும்.

நான் எங்கே முதல்ல பார்ப்பேன்

மசோதாவின் தலைப்பைப் பார்த்து எதையும் முடிவு பண்ண மாட்டேன். நேரா வரையறைப் பகுதிக்குப் போவேன். அடுத்து தண்டனை. அடுத்து கடைசிப் பக்கம். என் அனுபவத்தில் கடைசிப் பக்கத்தைத்தான் பலரும் படிக்கிறதில்லை. சட்டம் என்னைக்கு அமலுக்கு வரும் என்பது அங்கேதான் இருக்கும்.

உதாரணம், 2023இல் வந்த ஹவுஸ் பில் 1240. ‘அசால்ட் வெப்பன்’ என்று சொல்லப்படுகிற துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்த சட்டம். வரையறையைப் படிச்சா மாடல் பெயர்களோட நீளமான பட்டியல், அதோட உறுப்புகளை வச்சு இன்னொரு பட்டியல். கழற்றி மாட்டுகிற மேகசின் இருந்து, கூடவே பிஸ்டல் மாதிரிப் பிடி இருந்தா செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் பட்டியலுக்குள்ள வந்துடும். அமெரிக்காவில் அதிகமா விற்கிற ரைஃபிள் வகைகளில் ஒன்றான ஏஆர்-15 இதில் அடக்கம். ஏற்கெனவே வச்சிருக்கிறவங்க வச்சுக்கலாம். ஆனா வேற மாநிலத்திலிருந்து குடிவருகிறவர், சில விதிவிலக்குகள் தவிர, கூடவே கொண்டு வர முடியாது.

இப்ப கடைசிப் பக்கம். இங்கே ஒரு சட்டம் சாதாரணமா சட்டமன்றக் கூட்டம் முடிஞ்சு 90 நாள் கழிச்சுத்தான் அமலாகும். அந்த இடைவெளியில் மக்கள் கையெழுத்து சேகரிச்சுப் பொது வாக்கெடுப்பு கேட்கலாம். ‘அவசர நிலை’ன்னு ஒரு வரி சேர்த்துட்டா உடனே அமல், பொது வாக்கெடுப்புக் கதவும் மூடிடும். 1240இல் அந்த வரி இருந்தது. 2023 ஏப்ரல் 25ஆம் தேதி கவர்னர் ஜே இன்ஸ்லி கையெழுத்துப் போட்டார். அன்னிக்கே அமல். சட்டத்தை ஆதரிச்சவங்களுக்கும் நான் சொல்றது ஒண்ணுதான்: மக்களிடம் திரும்பப் போகிற வழியை ஒரு வரியில் அடைக்கிறது, நாளைக்கு உங்களுக்குப் பிடிச்ச விஷயத்திலும் நடக்கும்.

தலைப்பை நம்பாதீங்கன்னு சொன்னேனே, அதுக்குச் சிறந்த உதாரணம் இல்லினாய் மாநிலம். ஹவுஸ் பில் 5471. பிறக்கும்போது அது இன்சூரன்ஸ் சட்டத்தைத் திருத்துகிற மசோதா. உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துட்டு, துப்பாக்கித் தடையை உள்ளே வச்சாங்க. 2023 ஜனவரி 9 மேலவை, ஜனவரி 10 கீழவை, அதே நாள் கவர்னர் கையெழுத்து. பழைய சட்டமன்றத்தின் கடைசி நேரம் அது. ஏற்கெனவே வச்சிருக்கிறவங்க 2024 ஜனவரி 1ஆம் தேதிக்குள்ள மாநில போலீஸிடம் பதிவு செய்யணும். ஒரு விவசாயி அந்தச் செய்தியைத் தவறவிட்டிருந்தா, ஜனவரி 1 காலையில் எதுவுமே செய்யாமல் சட்டத்தை மீறினவர் ஆகிடுவார்.

தலைகீழாகவும் நடக்கும். கொலராடோவில் 2025இல் செனட் பில் 3, கழற்றி மாட்டுகிற மேகசின் உள்ள பல செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளின் விற்பனைக்குத் தடையாகத்தான் தொடங்கியது. திருத்தங்கள் சேர்ந்து வெளியே வரும்போது, பயிற்சி முடிச்சு அனுமதி வாங்கினா வாங்கலாம் என்று மாறியிருந்தது. 2025 ஏப்ரலில் கையெழுத்து, அமல் 2026 ஆகஸ்ட் 1. முதல் நாள் செய்தியை மட்டும் பார்த்தவங்க ‘மொத்தமா தடை’ன்னே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. திருத்தம் நடக்கிற அறையில் யாராவது இருந்து பேசினாத்தான் இப்படி மாறும்.

கோர்ட்டும் ஒன்றரை மணி நேரமும்

கையெழுத்தோட கதை முடியறதில்லை. 2022 ஜூலை 1 முதல் எங்க மாநிலத்தில் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கிற மேகசினை விற்கக் கூடாது. கெல்சோ என்ற சின்ன ஊரில் ஒரு துப்பாக்கிக் கடைக்கும் மாநில அரசுக்கும் இதில் வழக்கு. 2024 ஏப்ரல் 8ஆம் தேதி உள்ளூர் நீதிபதி சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னார். உடனே கடையில் கூட்டம். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மேல்நீதிமன்றத்திலிருந்து இடைக்காலத் தடை வந்து, விற்பனை மறுபடி நின்னது. 2025 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு 7க்கு 2 கணக்கில் முடிவு பண்ணியது.

யோசிச்சுப் பாருங்க. ஒரே நாள், ஒரே கடை, ஒரே பொருள். காலையில் குற்றம், நடுவில் சட்டபூர்வம், சாயங்காலம் திரும்பக் குற்றம். இதில் சாதாரண ஆள் எப்படிச் சட்டத்தை மதிச்சு நடப்பான்?

பெர்மிட் யாருக்குக் கிடைக்கும்?

2025இல் எங்க மாநிலத்தில் ஹவுஸ் பில் 1163 சட்டமாச்சு. 2027 மே 1 முதல் துப்பாக்கி வாங்கும் முன்னாடியே பெர்மிட் வேணும். கைரேகை கொடுக்கணும், உண்மையான தோட்டாவோடு சுடுகிற பயிற்சி முடிச்சிருக்கணும். பெர்மிட் ஐந்து வருடம் செல்லும். ஆதரிக்கிறவங்க வாதம் எனக்குப் புரியுது: கார் ஓட்டக்கூட டெஸ்ட் இருக்கே, பயிற்சி நல்லதுதானே? நல்லதுதான். நானே பயிற்சிக்குப் போனவன், புதுசா வாங்குற ஒவ்வொருத்தரையும் போகச் சொல்றவன்.

ஆனா பயிற்சிக்குக் காசு, கைரேகைக்குக் காசு, இரண்டுக்கும் வேலைக்கு லீவு. ரெட்மண்டில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறவருக்கு இது ஒரு சனிக்கிழமை தொந்தரவு. இரண்டு ஷிப்ட் வேலை பார்த்துக்கிட்டு, அடிச்ச முன்னாள் கணவன் திரும்பி வருவானோன்னு பயந்துக்கிட்டு இருக்கிற பெண்ணுக்கு? அவளுக்குக் காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் கணக்கு.

அனுமதி என்கிற அதிகாரத்துக்கு ஒரு வரலாறும் இருக்கு. 1956 ஜனவரியில் அலபாமாவின் மான்ட்கமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வீசினாங்க. அதுக்கப்புறம் அவர் துப்பாக்கி எடுத்துச் செல்லப் பெர்மிட்டுக்கு மனு போட்டார். மறுத்துட்டாங்க. பின்னாடி அவர் அகிம்சை வழியிலேயே உறுதியா நின்னு, வீட்டில் துப்பாக்கியே வேணாம்னு விட்டார். அது அவர் தேர்வு. ஆனா அன்னிக்கு அந்த அதிகாரி ‘தகுதி இல்லை’ன்னு சொன்னது யாரை என்று பாருங்க.

ரொம்பப் பழைய கதைன்னு நினைச்சா 2022 நியூயார்க்கைப் பாருங்க. புரூயன் தீர்ப்பு வந்த எட்டாவது நாளே, ஜூலை 1ஆம் தேதி, அவசரக் கூட்டம் போட்டுப் புதுச் சட்டம். பெர்மிட் கேட்கிறவர் கடந்த மூணு வருட சமூக வலைதளக் கணக்குகளைக் கொடுக்கணும்னு ஒரு விதி. உங்க இன்ஸ்டாவைப் பார்த்து உங்க குணத்தை ஒரு அதிகாரி முடிவு பண்ணுவார். அந்த விதியைப் பின்னாடி ஃபெடரல் நீதிமன்றம் தடுத்தது. துப்பாக்கி பிடிக்காதவங்களுக்கும் அது நல்ல செய்திதான்னு நான் நினைக்கிறேன்.

விசாவில் இருக்கிறவங்க கவனிங்க

இதைக் கேட்கிறவங்களில் எச்-1பி, எஃப்-1 விசாவில் இருக்கிறவங்க நிறைய பேர். உங்களுக்கு மாநிலச் சட்டத்துக்கு முன்னாடி ஃபெடரல் சட்டம் இருக்கு. குடியேற்ற விசா அல்லாத விசாவில் இருக்கிறவர் துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாது. செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் மட்டும்தான். கிரீன் கார்டு இருந்தா இந்தத் தடை இல்லை.

ஃப்ரெண்டு கூட்டிட்டுப் போனான், ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியில் பத்து ரவுண்டு சுட்டேன், போட்டோ போட்டேன்... இதை நிறைய பேர் விளையாட்டா நினைக்கிறாங்க. ரஹைஃப் வழக்கைத் தேடிப் படிங்க. மாணவர் விசாவில் வந்தவர். பல்கலைக்கழகம் அவரை நீக்கியதும் விசா நிலை போயிடுச்சு. ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சில் சுட்டதுக்காக வழக்கு, தண்டனை. தன் நிலை அவருக்குத் தெரிஞ்சிருந்ததா என்பதையும் அரசு நிரூபிக்கணும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுக்குள்ள எத்தனை வருடம் போச்சு! நான் வக்கீல் இல்லை. சந்தேகம் இருந்தா ரேஞ்சுக்குப் போறதுக்கு முன்னாடி இமிகிரேஷன் வக்கீலைக் கேளுங்க.

நீங்களும் செய்யலாம்

எங்க மாநிலச் சட்டமன்ற இணையதளத்தில் கமிட்டி விசாரணைக்கு முன்னாடி ஆதரவு, எதிர்ப்பு, மற்றவை என்று உங்க நிலையைப் பதிவு பண்ணலாம். நேர்ல போக வேணாம், ஜூமில் பேசலாம். பேசவே வேணாம்னாலும் பெயரைப் பதிவு செய்யலாம், இரண்டு நிமிஷ வேலை. கமிட்டி உறுப்பினர்கள் அந்த எண்ணிக்கையைப் பார்க்கிறாங்க.

நான் எல்லாத்துக்கும் ‘எதிர்ப்பு’ போடுறவன் இல்லை. துப்பாக்கி திருடு போனது தெரிஞ்சா 24 மணி நேரத்தில் போலீஸுக்குச் சொல்லணும்னு ஒரு மசோதா வந்தப்ப ‘மற்றவை’ன்னு போட்டேன். நோக்கம் சரி, ஆனா ஊரில் இல்லாத ஆளுக்கு அந்த நேரம் எப்பத் தொடங்கும்னு மட்டும் கேட்டு எழுதினேன். இப்படிக் கேட்கிறவனை எதிர்த்தரப்பு உதவியாளர்களும் மதிக்கிறாங்க. கோபமா மெயில் அனுப்புறவனை யாரும் படிக்கிறதில்லை.

நண்பர்களுக்கு அனுப்புற குறிப்பில் நான் வச்சிருக்கிற விதி இதுதான்: மசோதா எண், எந்தக் கட்டத்தில் இருக்கு, எந்தப் பக்கத்தில் என்ன மாறியிருக்கு, அமல் தேதி. ‘துப்பாக்கியைப் பிடுங்க வர்றாங்க’ன்னு எழுத மாட்டேன். அப்படி எழுதினா ரெண்டு வாரம் படிப்பாங்க, மூணாவது வாரம் நிஜமான ஆபத்து வரும்போது ம்யூட் பண்ணியிருப்பாங்க.

நீங்க என் பக்கம் வரணும்னு நான் எதிர்பார்க்கலை. உங்களுக்கு முக்கியம் வாடகைச் சட்டமா இருக்கலாம், இன்டர்நெட் சட்டமா இருக்கலாம். எந்த ஊர்ல இருந்தாலும், உங்களைப் பாதிக்கிற ஒரு மசோதாவை இந்த வருடம் முழுசாப் படிங்க. கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்க. என்னோட ஒத்துப்போகாதவங்க குரல் பதிவு அனுப்புங்க; கேள்வி கூர்மையா இருந்தா அடுத்த எபிசோடுல அப்படியே போட்டுப் பதில் சொல்றேன்.